மருமகன் வளர்த்த கொடி

வாரும் மருமகனே, இப்படித் திண்ணையில இரும். தங்கச்சி மகன்னு பாத்தா உன்னை 'நீ'ன்னு கூப்பிடணும். மகளைக் கெட்டினவன்னு பாத்தா 'நீரு'ன்னு கூப்பிடணும். சோறு போடும்போது 'நீரு', கணக்குக் கேக்கும்போது 'நீ'. இதாக்கும் நம்ம வீட்டு வழக்கம். இன்னைக்கு நீ வந்திருக்கது கொடி விஷயமா. அதனால 'நீ'தான். கோவிச்சுக்கிடாதே.

உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு, கேட்டியா. இந்த ஊர்ல வாழை வளத்தவன் உண்டு, ரப்பர் வளத்தவன் உண்டு, கிராம்பு வளத்தவன் உண்டு, வட்டிக்கு விட்டு வயிறு வளத்தவனும் உண்டு. ஒண்ணரை ஏக்கர்ல ஒரு செண்டு மிச்சமில்லாம ஒத்தைக் கொடியை ரெண்டே வருசத்துல வளத்துக் காட்டினவன் நீ ஒருத்தன்தான். கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் தட்டுற பயலுக்கு மண்ணு வேலை வராதுன்னு உன் அத்தை சொல்லிட்டே இருந்தா. அவ வாயை நல்லா அடைச்சே.

நேத்து சாயங்காலம் உன் விளையைப் பாக்கப் போனேன். பாக்கப் போனேன்லா, பாத்தேன்னு சொல்லல. எங்க இருக்கு பாக்க? படலைத் தேடவே பத்து நிமிசம் ஆச்சு. கார்த்திகையில நீ வச்ச அறுபது மூடு ஏத்தன் வாழை எங்கன்னு பாத்தா, பச்சைப் போர்வைக்குள்ள அங்கங்க முண்டிக்கிட்டு இருந்துது, கொடை விழாவுல பனிக்கு முக்காட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க பொம்பளையாட்கள் மாதிரி. ஒண்ணுல போர்வையை விலக்கிப் பாத்தேன். உள்ள குருத்து விரிய வழியில்லாம, சுருட்டுப் பீடி மாதிரி சுருண்டு மஞ்சளடிச்சு நிக்கு. மோட்டார் ஷெட்டு ஒரு குன்றா மாறிப்போச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன பக்கத்து விளைக்காரன்கிட்ட, "என்னடே இது"ன்னு கேட்டேன். "உங்க மருமகன் ஆர்கானிக்காக்கும்"னான். சிரிக்காம சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கல.

கொடிக்குப் பேரு என்னன்னு போன்ல கேட்டேல்லா. நம்ம தமிழ்ல இதுக்குப் பழைய பேரு கிடையாது. எங்க பாட்டா காலத்துல இது இங்க இல்ல, இல்லாததுக்கு அவரு எப்படிப் பேரு வைப்பாரு? செடிகொடி நூல்காரங்க வச்ச பேரு மைக்கானியா மைக்ராந்தா. மைக்கான்னு ப்ராக் நகரத்துல ஒரு தாவரவியல் வாத்தியார் இருந்தாரு, அவரு பேருதான் முதல் பாதி. மைக்ராந்தான்னா பொடிப்பூ. சூரியகாந்திக் குடும்பமாம். ஒரே குடும்பத்துல ஒருத்தன் சொந்தக் கால்ல நின்னு சூரியனைப் பாக்கான், இன்னொருத்தன் அடுத்தவன் தலையில ஏறி நின்னு பாக்கான். நம்ம குடும்பத்துலயும் உண்டு, பேரு சொல்லல.

வெள்ளைக்காரன் இதை 'நிமிசத்துக்கு ஒரு மைல்'னு கூப்பிடுவான். கணக்குப் போட்டுப் பாரு. நிமிசத்துக்கு ஒரு மைல்னா, நாகர்கோயில்ல கிளம்பினா முக்கா மணி நேரத்துல திருவனந்தபுரம். நீ கார்ல மூணு மணி நேரம் திணறிப் போறே, மார்த்தாண்டத்துல மட்டும் அரை மணி. வெள்ளைக்காரன் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டான். அளந்து பாத்தவங்க சொல்றது, நல்ல மழைக்காலத்துல ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரைக்கும். அதாவது என் சுட்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு விரல்தானேன்னு நீ நினைச்சே. அங்கதான் அடி. நீ ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவே, அதுக்குள்ள அறுபது விரல். அதுவும் ஒரு நுனியா, ரெண்டு நுனியா?

பேரு வைக்கதுல மலையாளத்துக்காரன் ரசிகன். 'திருதராஷ்டிரப் பச்சை'ன்னு வச்சிருக்கான். பாரதப்போர் முடிஞ்சு பாண்டவங்க பெரியப்பனைப் பாக்கப் போறாங்கல்லா? கண்ணில்லாத கிழவன், "பீமா, வாப்பா, கட்டிப்பிடிச்சுக்கிடுகேன்"னு கையை நீட்டுகான். கிருஷ்ணனுக்குத் தெரியும் கிழவன் மனசு. பீமனைப் பின்னால தள்ளிட்டு இரும்புப் பதுமையை முன்னால நிறுத்துகான். பாசத்தோட அணைச்ச அணைப்புல இரும்பு நொறுங்கிப் போச்சு. உன் வாழைக்கு முன்னால நிறுத்த இரும்பு வாழை கிடைக்குமான்னு ஆமசான்ல பாரு. சிங்களத்துல இதுக்கு 'வத்து பாலு'ன்னு பேரு. வத்துன்னா தோட்டம். பாலு வேற என்ன, நம்ம பாழ்தான். தோட்டப்பாழ். அவங்களுக்குக் கதை சொல்ல நேரமில்ல போல, நேரா சொல்லிட்டாங்க.

இந்தப் பயலுக்குச் சொந்த ஊரு நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா. இங்க எப்படி வந்தான்னு கேட்டா ரெண்டு கதை சொல்றாங்க. ரெண்டாம் உலகப்போர்ல, ஜப்பான்காரன் விமானத்துக்குக் கண்ணுல படாம மறைக்க வடகிழக்குல விமான நிலையங்களைச் சுத்தி இதை ஏத்திவிட்டாங்கன்னு ஒண்ணு. தேயிலைத் தோட்டத்துல மண்ணு காயாம மூடிக்கிடக்கட்டும்னு கொண்டுவந்தாங்கன்னு இன்னொண்ணு. இந்தோனேசியாவுக்குப் போனதுக்குத் தேதியே இருக்கு. 1949-ல பராகுவேயில இருந்து போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு, 1956-ல அங்க இருந்து ரப்பர் தோட்டத்துக்கு. எந்தக் கதையை எடுத்தாலும் ஒண்ணு மட்டும் மாறல. இது தானா வரல. தாம்பூலத் தட்டு வச்சு அழைச்சிருக்காங்க. வந்த பிறகு திண்ணையில இருந்து திண்ணைக்கு மேல, அதுக்கு மேல கூரை. சில மாப்பிள்ளைமாரை மாதிரி. உன்னைச் சொல்லல.

அடுத்து உன் மெஷினுக்கு வருவோம். ஆனி மாசச் சாரல்ல, முதுகுல புல்வெட்டி மெஷினைக் கெட்டிக்கிட்டு, கண்ணாடி, காதடைப்பான், முழங்கால் பூட்ஸு எல்லாம் போட்டு, சந்திரனுக்குப் போறவன் மாதிரி நீ நின்னதை என் மக போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்புல போட்டா. துபாய்ல இருந்து உன் சித்தப்பன் மூணு கைகூப்பு போட்டாரு. ஒரே நாள்ல ஒண்ணரை ஏக்கர் மொட்டை. நானும் அன்னைக்கு வாயைத் திறக்கல. எங்க வயசுல நல்லதைச் சொல்லணும்னா, கேட்டாத்தான் சொல்லணும்.

நேத்து உன் விளையில ஒரு துண்டு பொறுக்கிட்டு வந்தேன். இந்தா, கையில வாங்கு. அரைப் பென்சில் நீளம்தான். ரெண்டு முனையிலயும் உன் மெஷின் சிதைச்ச நாரு காய்ஞ்சு பழுப்பாக் கெடக்கா? நடுவுல கணு மட்டும் பச்சை மாறாம இருக்கு பாரு. கணுவுக்குக் கீழ வெள்ளை நூலு மாதிரி ஆறேழு வேரு, உதறினாலும் மண்ணை விடமாட்டேங்குது. கணுவுக்கு மேல எதிரும் புதிருமா ரெண்டு முளை. அதுல ஒண்ணு, வர்ற வழியில என் விரலைத் தேடிக்கிட்டே வந்த மாதிரி வளைஞ்சிருக்கு. நீ வெட்டல, மருமகனே. பதியம் போட்டிருக்கே. ஒரு கொடியில எத்தனை கணுவோ அத்தனை நாத்து. இவ்வளவு நெருக்கமா, ஒரு இடம் விடாம, மழை பாத்து நட்டுக் குடுக்கணும்னா நடவுக்குப் பத்து ஆள் வேணும். நீ ஒத்தை ஆளா, பெட்ரோல் செலவுல முடிச்சிருக்கே. மிச்சத்தை வாரி ஓடையில வேற போட்டியாம். கீழ ஓடைக்கரைக்காரங்க எல்லாருக்கும் பங்கு அனுப்பியாச்சு. நல்ல மனசு.

விதைக் கதை தனி. ஒரு கொடி வருசத்துக்கு நாப்பதாயிரம் விதை வரைக்கும் போடும்னு எழுதியிருக்காங்க. விதையை நிறுத்தும் பாத்திருக்காங்க, ஆயிரம் விதை சேர்ந்தாலும் ஒரு கிராமுல பத்துல ஒரு பங்குகூட வரல. நம்ம தட்டான் தராசுல ஒரு கிராம் தங்கத்துக்கு எதிர்த்தட்டுல வைக்கணும்னா பதினோராயிரம் விதைக்கு மேல வேணும். ஒவ்வொண்ணுக்கும் தலையில பஞ்சுக் குடுமி. காத்து அடிச்சா ஆரல்வாய்மொழிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அப்புறம் ரெண்டு ஆளைக் கூலிக்கு விட்டு, 'இருதய வடிவ இலை உள்ள கொடியெல்லாம் பிடுங்கு'ன்னு சொல்லிட்டு நீ போன்ல மீட்டிங் பேசப் போயிட்டே. கூலிக்காரன் என்ன செய்வான்? முள்முருங்கையில எட்டு வருசமா ஏறி நின்ன நல்லமிளகும் இருதய வடிவம். பலாவுல கெடந்த சீந்திலும் இருதய வடிவம். ரெண்டையும் உருவிப்போட்டான். சீந்தில் கெடந்து காயுது, அதை நாட்டு மருந்துக் கடையில காசு குடுத்து வாங்குறாங்க. கொரோனா சமயத்துல நீயே பாட்டில்ல வாங்கிக் குடிச்சே. இலை வடிவத்தைப் பாக்கப்பிடாது, இலை நிக்க நிலையைப் பாக்கணும். மிளகிலயும் சீந்தில்லயும் ஒரு கணுவுக்கு ஒரு இலை, மாறி மாறி வரும். இந்தப் பயல்ல ஒரு கணுவுக்கு ரெண்டு இலை, நேருக்கு நேரா, சண்டைக்கு நிக்க மாமியா மருமகள் மாதிரி. ஓரத்துல முரட்டுப் பல்லு. இது ஒண்ணு தெரிஞ்சா போதும், இருட்டுலயும் தடவிக் கண்டுபிடிச்சிருவே.

தீ வைக்கலாமான்னு கேட்டே. வையி. மேல எரியும், அடியில வேரு குளிர்ந்து கெடக்கும், அடுத்த மழைக்குச் சாம்பலை உரமாத் தின்னுட்டு எழும்பும். நேபாளத்துல சித்வன்னு ஒரு காடு உண்டு, காண்டாமிருகம் மேயுற இடம். அங்க மேய்ச்சலையே இது மூடிப்போட்டு. வருசாவருசம் புல்லுக்குத் தீ வைக்க வழக்கம் வேற அங்க உண்டு, அது இதுக்கு நல்ல தோதாப் போச்சாம். உன் வேலிக்கு அந்தாண்ட சரணாலயக் காடு. பொறி ஒண்ணு தாண்டினா வனத்துறைக்காரன் ஜீப்பு வரும். அப்புறம் கொடிக்கு வைத்தியம் பாக்க வேண்டாம், வக்கீலைப் பாக்கணும்.

மருந்தடிக்கதும் அப்படித்தான். கடைக்காரன் குடுத்த டப்பாவை நீ திறக்காம வச்சிருக்கது நல்லதாப் போச்சு. கேரளத்துல 2019-லயே கிளைபோசேட் விக்கவே கூடாதுன்னுட்டாங்க. 2022-ல மத்திய அரசும், உரிமம் உள்ளவனை வச்சுத்தான் அடிக்கணும்னு உத்தரவு போட்டுது. அந்த உத்தரவை விடு, உன் விளை நிலையைப் பாரு. கொடி எங்க இருக்கு? வாழை மேல. மருந்து எங்க விழும்? வாழை மேல. தலையில பேனுக்குத் தலையை எடுக்க மாதிரி. கீழ ஓடைத் தண்ணியில நாலு வீட்டுப் பொம்பளைங்க துணி துவைக்காங்க, அதையும் நினைச்சுக்கிடு.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலியான்னு நீ கேப்பே. செஞ்சாங்க. இதுக்குச் சொந்த ஊர்லயே ஒரு துருநோய் உண்டு, பக்சினியா ஸ்பெகாஸினின்னு பேரு. இலையிலயும் தண்டுலயும் பொட்டு பொட்டா வந்து கொடியைச் சோர வைக்கும். அதை திரினிடாடுல இருந்து வரவழைச்சு, நம்ம பயிர் எதுலயும் தொத்தாதுன்னு ஒவ்வொரு செடியா வச்சுச் சோதிச்சு, 2005-ல அஸ்ஸாம்லயும் 2006-ல கேரளத்துலயும் விட்டாங்க. கேரளத்துல பீச்சி வன ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க. துரு வந்துது, கொஞ்ச நாள் இருந்துது, காணாமப் போச்சு. பப்புவா நியூகினி, பிஜி மாதிரி இடங்கள்ல நிலைச்சு நின்னு வேலை பாக்குதாம். இதுல நான் அவங்களைக் கேலி செய்யமாட்டேன். கொடியைக் கூட்டிவந்தவன் ஒரு மனுசன்கிட்டயும் கேக்கல. துருவைக் கூட்டிவந்தவன் ஒவ்வொரு பயிர்கிட்டயும் கேட்டுட்டு விட்டான். தோத்தாலும் அவன் மரியாதைக்காரன்.

கேலி செய்யணும்னா உன் ஆபீஸ் கூட்டத்தைச் செய்யலாம். போன வருசம் ஒரு சனிக்கிழமை வந்தாங்கல்லா, ஒரே நிறத்துல பனியன் போட்டு அறுபது பேரு? வேனு, பேனரு, கையுறை, பிரியாணி. பத்தரைக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடிஞ்சுது, நடுவுல ஜூஸு. நல்ல பிள்ளைங்கதான், மனசு சுத்தம். ஆனா கொடியைப் பிடுங்கின இடத்துல மண்ணு வெளுத்து வெயில் பாஞ்சுது பாரு, அதை ஒருத்தனும் திரும்பி வந்து பாக்கல. பிடுங்கிட்டுப் போறது கொடிக்குப் பாத்தி கொத்திக் குடுக்க மாதிரி. சீமைக்கருவேலத்தைப் பிடுங்கச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போட்டுது, ஊரூரா ஜேசிபி ஓடிச்சு. மரம் போச்சா? உத்தரவுதான் பழசாப் போச்சு.

நீ கேக்காத இன்னொரு வழியும் உண்டு, மாட்டுக்குப் போடுறது. தீவனம் இல்லாத காலத்துல சிலபேரு போடுவாங்க. பால்மாட்டுக்குக் கல்லீரல் கெடுதுன்னு கண்டிருக்காங்க, அதனால அதுவும்…

இரு, உள்ள உன் அத்தை செருமுகா. அடுக்களையில புகையே இல்ல, ஆனாலும் செருமல். சொல்லத்தான் சொல்லுகா. சரி, சொல்லிருகேன். முப்பது வருசம் இருக்கும். வேனல்ல புல்லே இல்ல, தொழுவத்துல ஒரு சிந்திப் பசு நின்னுது. ரப்பர் எஸ்டேட்டு ஓரத்துல இந்தக் கொடி தளதளன்னு கெடந்துது. காசில்லாத தீவனம்னு தினம் ஒரு கட்டு தலையில சுமந்துட்டு வந்தேன். உன் அத்தை அன்னைக்கே சொன்னா, "பேரு தெரியாத பச்சையை வீட்டுக்குள்ள கொண்டு வராதேயும்"னு. பசு பாதியைத் தின்னுது, பாதியை மிதிச்சுது. மிதிச்சது எருக்குழிக்குப் போச்சு. எருக்குழி ரெண்டு மழை பாத்துட்டு வண்டியேறி விளைக்குப் போச்சு. எந்த விளைக்கு? மகளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்தேன்லா, அந்த ஒண்ணரை ஏக்கருக்குத்தான். பத்திரத்துல வடக்கு எல்லை, தெக்கு எல்லை, தென்னை நாலு, பலா ரெண்டுன்னு எல்லாம் எழுதினேன். கொடியை மட்டும் எழுதல. அன்னைக்கு மேக்கு மூலையில புளிமூட்டுக்குக் கீழ ஒரு குடை அளவுதான் இருந்துது, மாசம் ஒருக்கா போய்ப் பறிச்சு அடக்கி வச்சிருந்தேன். உன் கையில குடுத்த பிறகு, 'மருமகன் படிச்சவன், பாத்துக்கிடுவான்'னு விட்டேன்.

இதைச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுகேன்னு நினைக்காதே. குடை அளவைக் குன்று அளவு ஆக்கினதுல எனக்கும் பங்கு உண்டு, அதுக்குத்தான் நேத்து படலைத் தேடி அலைஞ்சேன்.

இனி செய்யவேண்டியதைக் கேளு. புதுசா ஒண்ணும் இல்ல, அதனாலதான் யூடியூப்ல கிடைக்காது.

மழை பெஞ்ச மறுநாள் போ. மண்ணு இளகியிருக்கும். கொடியைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுக்கதுக்கு இது கோயில் வடம் இல்ல. இழுத்தா கணுவுல அறும், அறுந்த கணு உன்னைப் பாத்து 'ரொம்ப நன்றி'ன்னு சொல்லிட்டு அங்கேயே இருந்துக்கிடும். இடது கையால கொடியைத் தரையோட தடவிப் போ. வேரு பிடிச்ச கணு வந்ததும் கை நிக்கும். அங்க ரெண்டு விரலை மண்ணுக்குள்ள விட்டு, குழந்தை தலையில ஈரு எடுக்க மாதிரி, வேரோட கிள்ளித் தூக்கு. அடுத்த கணு. அதுக்கடுத்த கணு. இப்படியே மூலவேரு வரைக்கும் போ. ஒரு நாளைக்கு நாலு செண்டு முடிச்சியானா நீ பெரிய ஆளு. நான் எட்டு முடிச்சிருக்கேன், அது அந்தக் காலம்.

மரத்து மேல ஏறினதை இழுத்துக் கீழ தள்ளாதே. கொம்பு ஒடியும், உன் மிளகும் கூட வரும், கீழ விழுந்த கொடி புதுசா வேரு விடும். இடுப்பு உயரத்துல வெட்டோத்தியால ஒரு வெட்டு, முழங்கால் கிட்ட இன்னொரு வெட்டு. கீழ இருக்கத வேரோட பிடுங்கு. மேல இருக்கது தொங்கியே காஞ்சுரும், பத்து நாள்ல பழுப்புத் தாடி மாதிரி ஆயிரும். தொங்குற நுனி தரையில படாம பாத்துக்கோ, பட்டா பிழைச்சுக்கிடும்.

பிடுங்கினதை மண்ணுல போடவே போடாதே. சாக்குல அடைச்சு, பாறை மேல தார்ப்பாய் விரிச்சு அதுல கொட்டி, வெயில்ல சருகாகிற வரைக்கும் விடு. மழை மூடிச்சுன்னா மேலயும் கறுப்புத் தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடு, வெந்து அழுகட்டும். எருக்குழிப் பக்கம் கொண்டு போகாதே. ஏன்னு உன் அத்தை உள்ள இருந்து சொல்லுவா.

இதை முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து போட்டோ போடாதே. மூணு வாரத்துல திரும்பப் போ. உன் மெஷின் நட்ட நாத்தெல்லாம் ரெண்டிலை, நாலிலையா நிக்கும், அதுதான் பிடுங்கச் சுகமான பருவம். திரும்ப மூணு வாரம். நமக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. சென்னைக்காரனுக்கு ஒரு மழைன்னா நமக்கு ரெண்டு மழை, கொடிக்கு ரெண்டு தீபாவளி. ரெண்டு மழைக்கும் முன்னால ஆள் நிக்கணும். முக்கியமா பூக்கதுக்கு முன்னால. வெள்ளையாப் பொடிப்பூ கொத்துக் கொத்தா, மேல நுரை பொங்கின மாதிரி பூத்திருச்சுன்னா அந்த வருசம் கணக்கு முடிஞ்சுது, நாப்பதாயிரம் குடுமி காத்துக்குப் போயாச்சு.

இன்னொண்ணு, இதுக்குப் பயம் ஒண்ணே ஒண்ணுதான். நிழல். நம்ம மலையில மரம் தலையோட தலை முட்டி நிக்க அடர்காட்டுக்குள்ள போய்ப் பாரு, இது இருக்காது. பாதை வெட்டின ஓரம், மரம் விழுந்த இடம், எஸ்டேட்டு எல்லை, ஓடைக்கரை, இப்படி வெளிச்சம் விழுற ஓட்டையிலதான் இருக்கும். உன் விளையில ஏன் இப்படிப் பெருத்துதுன்னா, சூம்ல பேசும்போது பின்னால மலை தெரியணும்னு தெக்குப் பக்கம் நாலு மரத்தை வெட்டினேலா, அன்னைக்குத்தான் அதுக்குக் கிரகப்பிரவேசம். பிடுங்கின இடத்தைச் சும்மா போடாதே. வாழையை இன்னும் நெருக்கி வையி, இடையில சேம்பு, மஞ்சள், இஞ்சி போடு. ஓரத்துல பலா, புளி, மா எதாவது வையி, மேல கூடட்டும். ரப்பர்காரன் மூடுபயிர்னு மியூக்குனா ஒண்ணு போடுவான், அதைக் கேட்டுட்டு வராதே. அதுவும் கொடிதான், விட்டா அதுவும் ரப்பர் தலையில ஏறி உக்காரும். பேயை ஓட்ட பிசாசைக் கூட்டிவந்தா, பிசாசுக்கும் சோறு போடணும்.

வேலிக்கு அந்தாண்ட காட்டுக்குள்ளயும் கொஞ்சம் ஏறிருக்கு. அங்க நீயா கத்தியைத் தூக்கிட்டுப் போகப்பிடாது, வனத்துறைக்கு எழுதிக் குடு. நான் சொன்னாக் கேக்கமாட்டாங்க, நீ இங்கிலீஷ்ல எழுது, உடனே கேக்காட்டாலும் கோப்பு போடுவாங்க. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டுக்கு நடுவுல துண்டு துண்டாக் கெடக்க மழைக்காட்டை மீட்டு எடுக்குறவங்க இருபது வருசத்துக்கு மேலா அதே வேலையா இருக்காங்க. களையைக் களைஞ்சு, காட்டு மரக் கன்னா வச்சு, அடுத்த வருசம் திரும்பி வந்து பாத்து, அதுக்கடுத்த வருசமும் திரும்பி வந்து பாத்து. அவங்ககிட்ட ஒரே நிறப் பனியன் இருக்கோ இல்லியோ, திரும்பி வந்தாங்க.

எத்தனை நாள் ஆகும்னு கேக்காதே. முதல் வருசம் இடுப்பு போகும். ரெண்டாம் வருசம் மாசம் ஒரு நாள். மூணாம் வருசம், நடந்து போற வழியில குனிஞ்சு நாலு கிள்ளு கிள்ளிட்டுப் போவே. அதுக்கப்புறம், நான் வச்சிருந்த குடை அளவு. அதுக்குக் கீழ என்னால கொண்டு வர முடியல, உன்னால முடிஞ்சா உன் அத்தைக்கு என் மேல இருக்க கோவம் தீரும்.

சரி, காப்பியைக் குடி. ராத்திரி இங்கேயே தங்கு, மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு நானும் வாறேன், எட்டு செண்டு முடியாது, ரெண்டு முடியும். சாக்கு நாலு எடு, தார்ப்பாய் பரணுல இருக்கு, வெட்டோத்தி நான் தீட்டி வச்சாச்சு. மெஷினைத் தொடாதே. புரட்டாசி பிறந்தாச்சு, மேக்கு மூலையில புளிமூட்டுப் பக்கம் நேத்தே மொட்டு பாத்தேன். அங்க இருந்துதான் தொடங்கணும்.